ஸ்கூபா கம்ப்ரசரில் சூட்டையும் ஈரத்தையும் சமாளிப்பது எப்படி? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வெப்பம் 30 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம். புதுச்சேரியிலோ அந்தமானிலோ இது ஒரு சாதாரண நாள். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கிறது. 12 லிட்டர் சிலிண்டர் ஒன்றை 200 பார் வரை நிரப்ப 2.4 கன மீட்டர் காற்று வேண்டும். ஆக, ஒரு சிலிண்டர் நிரப்பும்போது கம்ப்ரசர் 58 கிராம் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சுகிறது.

சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 12021. கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்றில் கன மீட்டருக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது என்கிறது அது. நம் சிலிண்டர் கணக்கில் மொத்தம் 60 மில்லிகிராம். உள்ளே போனதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சலாம். மற்றதெல்லாம் வழியிலேயே கழிய வேண்டும்.

டைவ் சென்டரில் கம்ப்ரசர் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி. நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்று தரும், ஃபேன் காற்றில் குளிரும், மூன்று ஸ்டேஜ் கம்ப்ரசரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பெரிய இயந்திரத்துக்கும் முறை இதுவே, அளவுகள்தான் மாறும்.

## சூடும் ஈரமும் ஒரே பிரச்சினை

காற்றை அமுக்கினால் சூடேறும். 30 டிகிரியில் இருக்கும் காற்றை, இடையில் சூடு தணிய விடாமல், ஒரே மூச்சில் 230 பாருக்கு அமுக்கினால் ஏட்டுக் கணக்குப்படி 1,100 டிகிரியைத் தாண்டும். எந்த எண்ணெயும் எந்த வால்வும் அதைத் தாங்காது. அதனால்தான் வேலையை மூன்று ஸ்டேஜாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்டேஜிலும் அழுத்தம் ஏறக்குறைய ஆறு மடங்கு உயரும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கூலிங் காயில் சூட்டைத் தணிக்கும்.

சூடான காற்று ஆவியை விடாமல் வைத்திருக்கும். காயிலில் குளிரும்போதுதான் ஆவி துளியாகிறது. துளியானால் செப்பரேட்டர் அதைப் பிடித்து அடியில் தேக்கும். செப்பரேட்டரைக் கடந்தபின் மிஞ்சும் ஆவியை மட்டும் ஃபில்டர் உறிஞ்ச வேண்டும். கடைசி செப்பரேட்டரில் அழுத்தம் 150 பார் என்று வைத்துக்கொண்டால், அதைக் கடந்து போகும் ஆவி கன மீட்டருக்குத் தோராயமாக இவ்வளவு:

- செப்பரேட்டரில் 30 டிகிரி இருந்தால்: 200 மில்லிகிராம்
- 40 டிகிரி இருந்தால்: 340 மில்லிகிராம்
- 50 டிகிரி இருந்தால்: 550 மில்லிகிராம்

உள்ளே வந்தது 24,000 மில்லிகிராம் என்பதை மறக்க வேண்டாம். நூற்றில் 98 பங்கைக் கழிப்பது குளிர்ச்சியும் செப்பரேட்டரும்தான். ஃபில்டர் பார்ப்பது கடைசி இரண்டு பங்கை. துவைத்த வேட்டியைப் பிழிந்துவிட்டுத்தான் கொடியில் போடுகிறோம். சூடான கம்ப்ரசர், பிழியாத வேட்டியை ஃபில்டரின் தலையில் போடுகிறது.

இதைக் காசுக் கணக்காகவும் பார்க்கலாம். ஃபில்டரில் ஈரத்தை உறிஞ்சும் மாலிகுலர் சீவ், தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரைப் பிடிக்கும். 100 கிராம் சீவ் இருக்கும் கார்ட்ரிட்ஜ் என்றால் 20 கிராம். செப்பரேட்டர் 30 டிகிரியில் இருந்தால் அதை வைத்து நாற்பது சிலிண்டர் நிரப்பலாம். 40 டிகிரியில் இருபத்துநான்கு. 50 டிகிரியில் பதினைந்து. கார்ட்ரிட்ஜ் அதேதான், சூடுதான் வேறு.

## படி 1: இயந்திரத்தை எங்கே வைப்பது

மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகவே அறைக்குள் வந்து சேரும். 100 லிட்டர் இயந்திரத்தில் மோட்டார் 2.2 கிலோவாட், 300 லிட்டர் இயந்திரத்தில் 5.5 அல்லது 7.5. மூடிய அறையில் அதை ஓட்டினால், தான் வெளியே தள்ளிய சூட்டையே ஃபேன் மறுபடி உள்ளே இழுத்துக் காயில் மேல் வீசும்.

ஏசி போட்டுவிடலாமே என்று தோன்றும். ஒன்றரை டன் ஏசி வெளியேற்றுவது சுமார் 5.3 கிலோவாட் வெப்பம், 7.5 கிலோவாட் இயந்திரத்துக்கு முன்னால் அது எடுபடாது. பணத்தை எக்ஸாஸ்ட் ஃபேனில் போடுங்கள்.

- ஃபேன் காற்றை இழுக்கும் பக்கத்தில் வெளிக்காற்று தடையின்றி வர வேண்டும். அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கையேட்டில் இருக்கும்.
- சூடான காற்று வெளியேறும் பக்கத்தில், உயரத்தில், எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கட்டும்.
- கூரை தகர ஷீட் என்றால் மதிய வெயிலில் அறையே அடுப்பாகிவிடும். ஷீட்டுக்கு அடியில் ஒரு தட்டி கட்டுங்கள். முடிந்தால் நிரப்பும் வேலையை அதிகாலையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.
- இயந்திரம் சமதளத்தில் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது.

## படி 2: காற்றை எங்கிருந்து எடுப்பது

குளிரூட்டும் காற்று வேறு, சுவாசத்துக்கான காற்று வேறு. இரண்டாவதை அறைக்குள்ளிருந்து எடுக்காமல், குழாய் போட்டு வெளியிலிருந்து, நிழலான, உயரமான இடத்திலிருந்து எடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, ஜெனரேட்டர், படகு எஞ்சின், சமையலறை, குப்பை எரிக்கும் இடம் எல்லாம் காற்று குழாயைக் கடந்தபின் போகும் பக்கத்தில் இருக்குமாறு அமையுங்கள்.

பெட்ரோல் எஞ்சினில் ஓடும் கம்ப்ரசர் என்றால் இது உயிர்ப் பிரச்சினை. புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்று திசை மாறினால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குழாயையும் மாற்றி வையுங்கள்.

குழாய் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் முதல் ஸ்டேஜுக்கு மூச்சு முட்டும். அது குறைந்த அழுத்தத்திலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால் இயந்திரம் வழக்கத்தைவிடச் சூடாகும். காற்று இழுக்கும் இடத்திலுள்ள காகித ஃபில்டர் அடைத்தாலும் இதே கதைதான். கடலோரத்தில் உப்பும் தூசியும் சேர்ந்து அதைச் சீக்கிரம் அடைத்துவிடும். வாரம் ஒருமுறை கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

## படி 3: ஸ்டார்ட் செய்யும் முன்

எண்ணெய். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். சுவாசக் காற்று கம்ப்ரசருக்கென்று தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். சூட்டில் எண்ணெய் கருகினால், புகையே இல்லாத இடத்திலும் இயந்திரத்துக்குள்ளிருந்தே கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். சூட்டைக் கவனிக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

பெல்ட். பல கம்ப்ரசர்களில் ஃப்ளைவீலே ஃபேனாகவும் வேலை செய்கிறது. பெல்ட் தளர்ந்து வழுக்கினால் காற்றும் குறையும், குளிர்ச்சியும் குறையும்.

சுழலும் திசை. மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால் பெல்ட் கார்டில் ஒரு அம்புக்குறி இருக்கும். கரன்ட் கம்பத்திலோ உங்கள் போர்டிலோ வேலை நடந்தபின் இரண்டு ஃபேஸ் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். பார்வைக்கு இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஃபேன் காற்றைத் தவறான பக்கம் தள்ளும். ஒவ்வொரு மின்வேலைக்குப் பிறகும் ஒரு நொடி ஆன் செய்து, ஆஃப் செய்து, சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள்.

காயில். எண்ணெய்ப் பிசுக்கில் உப்பும் தூசியும் ஒட்டிக் காயில் மேல் போர்வையாகப் படியும். இயந்திரம் ஆறியிருக்கும்போது மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

டிரெயின் வால்வுகள். செப்பரேட்டர்களில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் இவை எல்லாவற்றையும் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மோட்டார் சுமையில்லாமல் வேகம் பிடித்தபின் ஒவ்வொன்றாக மூடுங்கள்.

## படி 4: ஓடும்போது தண்ணீரை வெளியேற்றுவது

நிமிடத்துக்கு 100 லிட்டர் என்றால் மணிக்கு 6 கன மீட்டர். நம் கடலோரக் கணக்கில் அதனுடன் மணிக்கு 145 கிராம் தண்ணீர் வருகிறது. கால் மணி நேரத்தில் 36 கிராம். இரண்டு மேசைக்கரண்டிக்கும் மேல். சின்ன செப்பரேட்டருக்கு இது பெரிய அளவு.

கையால் திறக்கும் டிரெயின் வால்வு என்றால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பது பொதுவான வழக்கம். மழைக்காலத்திலும் புழுக்கமான நாட்களிலும் 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இயந்திரத்தில் ஒரு சிலிண்டர் நிரம்ப 24 நிமிடம் ஆகும். ஆக, சிலிண்டருக்கு இரண்டு முறையாவது திறக்க வேண்டும்.

1. முதலில் குறைந்த அழுத்தமுள்ள செப்பரேட்டர், பிறகு அடுத்தது என்று வரிசையாக, மெதுவாகத் திறங்கள்.
2. தண்ணீர் நின்று வெறும் காற்று சீறும்வரை விட்டு மூடுங்கள்.
3. வெளிவருவதை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். மோர் போல வெளுத்து வந்தால் அது தண்ணீரும் எண்ணெயும் கலந்தது, வழக்கமானது. பழுப்பாகவோ கறுப்பாகவோ, கருகிய வாடையோடு வந்தால் இயந்திரத்தை நிறுத்துங்கள்.
4. எண்ணெய் கலந்த இந்தத் தண்ணீரைக் கடலிலோ மணலிலோ கொட்டாதீர்கள். கேனில் சேர்த்து, பழைய எஞ்சின் ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

டிரெயின் செய்ய மறந்தால் செப்பரேட்டர் நிறைந்து, தண்ணீர் துளியாகவே அடுத்த ஸ்டேஜுக்குப் போகும். தண்ணீரை அமுக்க முடியாது. வால்வும் பிஸ்டனும் அடிபடும். கடைசி செப்பரேட்டர் நிறைந்தால், பல சிலிண்டர்களுக்கு வர வேண்டிய கார்ட்ரிட்ஜ் சில நிமிடங்களில் நனைந்து போகும்.

ஆட்டோ டிரெயின் இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அதன் சத்தம் கேட்கிறதா, தண்ணீர் உண்மையில் வெளியே வருகிறதா என்று தினமும் பாருங்கள்.

## படி 5: சூட்டை அளந்து எழுதுங்கள்

கையை வைத்துப் பார்த்து ‘கொஞ்சம் சூடு’ என்று சொல்வது அளவாகாது. ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பளபளப்பான உலோகத்தில் அது தப்பான எண்ணைக் காட்டும். கடைசி செப்பரேட்டரின் உடம்பில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, எப்போதும் அந்த டேப்பையே குறிவைத்து அளந்து பாருங்கள்.

அரை மணி நேரம் ஓடியபின் நான்கு எண்களை எழுதுங்கள்: அறையின் வெப்பம், செப்பரேட்டரின் வெப்பம், ஸ்டேஜ்களுக்கு இடையிலான மீட்டர்கள் காட்டும் அழுத்தம், ஹவர் மீட்டர். அறைக்கும் செப்பரேட்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் இயந்திரத்தின் ஆரோக்கியம். அது வழக்கமாக 12 டிகிரி என்றால் என்றும் ஏறக்குறைய 12 இருக்கும். ஒருநாள் 20 ஆகிவிட்டால் காயில் அழுக்கா, பெல்ட் தளர்வா, ஏதாவது வால்வு கசிகிறதா என்று தேடத் தொடங்குங்கள். வால்வு கசிந்தால் இடை அழுத்த மீட்டரும் வழக்கமான எண்ணிலிருந்து விலகும்.

## படி 6: ஃபில்டரைப் புரிந்துகொள்வது

கார்ட்ரிட்ஜுக்குள் அடுக்கடுக்காக மருந்து இருக்கும். மாலிகுலர் சீவ் ஈரத்தை உறிஞ்சும். ஆக்டிவேட்டட் கார்பன் எண்ணெய் ஆவியையும் வாடையையும் பிடிக்கும். ஹாப்கலைட் கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும். இது எல்லாக் கார்ட்ரிட்ஜிலும் இருக்காது, பெட்ரோல் எஞ்சினுக்கானதில் வழக்கமாக இருக்கும்.

ஈரம் பட்டால் ஹாப்கலைட் செயலிழந்துவிடும். ஆகவே சீவ் நிறைந்துவிட்டால் ஈரத்தோடு நிற்காது. விஷவாயுவுக்கான காவலும் போய்விடும். காற்று வாடையில்லாமல் இருக்கிறது என்பதை வைத்து ஃபில்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் பிரஷர் மெயின்டெயினிங் வால்வு இன்னொரு முக்கியமான ஆள். காலியான சிலிண்டரை இணைத்தாலும், ஃபில்டருக்குள் அழுத்தம் பொதுவாக 150 பார் அளவுக்கு ஏறும்வரை அது காற்றை வெளியே விடாது. அழுத்தம் கூடினால் ஆவி அதிகமாகத் துளியாகும். இந்த வால்வு பழுதாகி 50 பாரிலேயே திறந்துகொண்டால் ஃபில்டருக்குப் போகும் ஈரம் மூன்று மடங்காகும். ஸ்டார்ட் செய்ததும் சிலிண்டருக்குக் காற்று எந்த அழுத்தத்தில் போகத் தொடங்குகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள்.

கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது:

1. ஃபில்டரின் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றி, மீட்டர் பூஜ்யம் காட்டுவதை உறுதி செய்யுங்கள். அழுத்தம் இருக்கும்போது மூடி லேசில் கழலாது. கழலவில்லை என்றால் நெம்பாதீர்கள், முதலில் அழுத்தத்தைப் பாருங்கள்.
2. உட்சுவரைப் பஞ்சில்லாத துணியால் துடையுங்கள். ஓ-ரிங்குகளில் வெட்டு, நசுங்கல் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. புதிய கார்ட்ரிட்ஜின் உறையைக் கடைசி நிமிடத்தில்தான் பிரிக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்தாலே சீவ் ஈரம் குடிக்கத் தொடங்கும்.
4. உறை பிரித்ததும் எடை போட்டு எழுதுங்கள். கழற்றும்போது மறுபடி எடை போடுங்கள். கூடியிருக்கும் கிராம், அது பிடித்த தண்ணீரும் எண்ணெயும்.
5. தேதியையும் ஹவர் மீட்டரையும் கார்ட்ரிட்ஜ் மேலேயே எழுதுங்கள்.

மாற்றும் நாளைக் கையேட்டின் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதில் வெப்பத்துக்கு ஏற்பக் குறைக்கும் கணக்கு இருக்கும். 20 டிகிரிக்குக் கொடுத்த மணிநேரத்தை நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்வது பெரிய தவறு. 20 டிகிரிக் காற்று தாங்கும் ஆவியைப்போல 40 டிகிரிக் காற்று மூன்று மடங்கு தாங்கும்.

பழைய சீவை வெயிலில் காயவைத்து மறுபடி போடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. அதிலிருந்து தண்ணீரை விரட்ட 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வெயிலில் அது காயாது.

## படி 7: சிலிண்டருக்குள் தண்ணீர் போகாமல் பார்ப்பது

சிலிண்டருக்குள் காணப்படும் தண்ணீர் பல நேரம் கம்ப்ரசர் தந்ததே இல்லை. படகிலிருந்து இறங்கிய சிலிண்டரைக் கழுவியதும், வால்வின் சிறு துளையில் சில சொட்டுகள் தங்கும். அப்படியே ஹோஸை மாட்டித் திறந்தால் 200 பார் காற்று அந்தச் சொட்டுகளை உள்ளே தள்ளிவிடும்.

மாட்டும் முன் சிலிண்டர் வால்வைக் கொஞ்சம் திறந்து ஊதவிடுங்கள். ஃபில்லிங் ஹோஸின் வாயையும் ஊதவிட்டுத் துடையுங்கள். இதற்காகவாவது டைவர்கள் சிலிண்டரை முழுக்கக் காலி செய்யாமல் கொண்டுவர வேண்டும். காலியாகத் திறந்து கிடக்கும் சிலிண்டருக்குள் கடல்நீரே போகும். இரும்புச் சிலிண்டரில் தண்ணீர் தங்கினால் துரு பிடிக்கும். துரு பிடிக்கும்போது உள்ளேயிருக்கும் ஆக்சிஜனையும் தின்னும். நாள்கணக்கில் நிரப்பி வைத்த துருப்பிடித்த சிலிண்டர் ஆபத்தானது.

தண்ணீர்த் தொட்டியில் சிலிண்டரை இறக்கி நிரப்புவதைவிட, உலர்ந்த இடத்தில் நிதானமாக நிரப்புவதே மேல். நிரப்பும்போது சிலிண்டரும் சூடாகும்: 50 டிகிரியில் 200 பார் காட்டியது, 30 டிகிரிக்கு ஆறினால் 187 பார்தான்.

## படி 8: நிறுத்துவதும் ஓய்வில் வைப்பதும்

வேலை முடிந்ததும் டிரெயின்களைத் திறந்து, சில நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஃபில்டருக்குள் மட்டும் கொஞ்சம் அழுத்தம் மிஞ்சட்டும். முழுக்கக் காலியாக விட்டால் ஈரக்காற்று உள்ளே நுழையும்.

ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதை வழக்கமாக்காதீர்கள். இயந்திரம் முழுச் சூட்டுக்கு வராவிட்டால், எண்ணெய் தங்கும் கிராங்க்கேஸில் சேர்ந்த ஈரம் வெளியேறாமல் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் பால் காபி நிறமானால் மாற்றிவிட வேண்டியதுதான். டைவிங் இல்லாத மழைமாதங்களில் வாரம் ஒருமுறையாவது நன்றாகச் சூடேறும்வரை, அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஆகவே எல்லாச் சூடும் எதிரியல்ல: கிராங்க்கேஸுக்குச் சூடு வேண்டும், காயிலுக்கும் செப்பரேட்டருக்கும் குளிர்ச்சி வேண்டும்.

## படி 9: காற்றைப் பரிசோதிப்பது

கண்ணும் மூக்கும் சொல்லாததைச் சோதனைக் குழாய்கள் சொல்லும். ஒவ்வொரு வாயுவுக்கும் தனிக் கண்ணாடிக் குழாய். காற்றை அளந்து விட்டால் நிறம் மாறும் தூரமே அளவு. ஈ.என். 12021 அனுமதிப்பது: கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 5 பங்கு, கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 500 பங்கு, எண்ணெய் கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராம். வாடை எதுவும் இருக்கக் கூடாது. பரிசோதனையைப் பழைய கார்ட்ரிட்ஜ் மாற்றப்படும் தறுவாயில் செய்யுங்கள். புதிய கார்ட்ரிட்ஜில் பழுதுள்ள இயந்திரமும் பாஸாகிவிடலாம்.

## அறிகுறியும் காரணமும்

- டிரெயினில் தண்ணீர் திடீரென்று குறைந்தால்: வால்வு அடைத்திருக்கலாம், அல்லது காற்று குளிராமல் ஆவியாகவே கடந்து போகிறது.
- கார்ட்ரிட்ஜ் எடை சீக்கிரம் ஏறினால்: செப்பரேட்டர் சூடு, டிரெயின் இடைவெளி, பிரஷர் மெயின்டெயினிங் வால்வு என்ற வரிசையில் பாருங்கள்.
- ஒரு ஹெட் மட்டும் அதிகம் சூடானால்: அந்த ஸ்டேஜின் வால்வைச் சந்தேகியுங்கள்.
- காற்றில் எண்ணெய் வாடை, அல்லது டைவருக்குத் தலைவலி: அன்று நிரப்பிய எல்லாச் சிலிண்டர்களையும் ஒதுக்கி வையுங்கள். காரணம் தெரியும்வரை ஒன்றையும் கொடுக்காதீர்கள்.

## எங்கே தொடங்குவது

ஒன்பது படியையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. முதல் மாதம் மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: அலாரம் வைத்து டிரெயின், டேப் ஒட்டிய இடத்தின் வெப்பம், கார்ட்ரிட்ஜின் எடை. முப்பது நாள் குறிப்பு கையில் இருந்தால் கார்ட்ரிட்ஜ் ஏன் சீக்கிரம் போகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் பதில் ஃபில்டரில் இருக்காது. காயிலிலோ, ஜன்னலிலோ, மறந்துபோன டிரெயினிலோ இருக்கும். விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜ் வாங்குவதற்கு முன் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிப் பாருங்கள்.